சாதனமும் அனுமதியும்

லினக்ஸ் இயக்க அமைப்பில் சாதனங்கள் பலவும் ‘டெவ்’ என்னும் கோப்பகத்தில் கோப்புகளாகவே இடம்பெறுகின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, பிறர் என மூவகையினருக்கும் தனித்தனி அனுமதி உண்டு.

யுஎஸ்பி வழி இணைந்த வெப்ப உணரியின் அளவுகளைப் பதிவுசெய்யும் பின்னணிச் சேவை ஒன்றை எண்ணிப் பாருங்கள். உணரியின் கோப்புக்கு 666 என்னும் அனுமதியை அளித்தால், கணினியின் எப்பயனரும் அதனைப் படிக்கவும் அதில் எழுதவும் இயலும். உணரியைக் கழற்றி மீண்டும் செருகினால் அம்மாற்றமும் நிலைக்காது. சேவையையே முதன்மைப் பயனரின் அதிகாரத்தில் இயக்கினால், அதிலுள்ள சிறு பிழையும் கணினி முழுவதற்கும் கேடாகலாம்.

ஆதலால், சேவைக்கெனத் தனிப் பயனரை உருவாக்கி, உணரிக்குரிய குழுவில் சேர்த்தல் வேண்டும். அக்குழுவின் பெயரையும் 660 என்னும் அனுமதியையும் ‘யூடெவ்’ விதியாக எழுதிவைத்தால், உணரி இணைக்கப்படும்போதெல்லாம் அவ்விதி தானே செயற்படும். உரிமையாளரும் குழுவினரும் மட்டுமே அதனைக் கையாள்வர். தேவைக்கு மிஞ்சிய அனுமதி, பூட்டாத கதவுக்கு ஒப்பாகும்.