உயெனோ பூங்கா: குழந்தைகளோடு செல்வோருக்கு

டோக்கியோவின் உயெனோ ரயில் நிலையத்தில் பூங்காப் பக்க வாயில் 2020இல் இடம் மாற்றிக் கட்டப்பட்ட பிறகு, அதன் வழியே வெளிவருவோர் சாலை எதையும் கடக்காமல் நேராக மரநிழலுக்குள் நுழைந்துவிட முடிகிறது. சிறு குழந்தைகளின் கையைப் பிடித்து வருவோருக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறில்லை. சுமார் 53 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 130 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் தேசிய அருங்காட்சியகம், இயற்கை அறிவியல் அருங்காட்சியகம், மேலைநாட்டுக் கலை அருங்காட்சியகம், விலங்குக் காட்சி சாலை, சிறுவர் இலக்கிய நூலகம், தாமரைக் குளம், பழைய கோயில்கள் ஆகிய எல்லாம் நடந்து செல்லும் தொலைவிலேயே இருப்பதால், ஒரே நாளில் அனைத்தையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை பெற்றோருக்கு எழுவது இயல்பே. குழந்தைகளின் நாளைக் கெடுப்பதும் அந்த ஆசைதான். முற்பகலில் ஒரு காட்சிக்கூடம், பிற்பகலில் ஒரு விலங்கு, இடையே ஓடித் திரியப் போதுமான வெளி என்று அளவாகத் திட்டமிடுவோர்க்கே உயெனோ தன் வளத்தைக் காட்டும்.

இத்தனை நிறுவனங்கள் ஒரே குன்றின்மேல் வந்து சேர்ந்ததற்கு ஒரு போர் காரணமாயிற்று. தோகுகாவா மரபினரின் ஆதரவோடு 1625இல் நிறுவப்பட்ட கானெய்ஜி என்னும் பௌத்த மடம் இக்குன்று முழுவதும் பரவியிருந்தது. அம்மரபைச் சேர்ந்த ஷோகுன் எனப்படும் படைத்தலைவர்கள் பேரரசரின் பெயரளவிலான தலைமையின் கீழ் நாட்டை ஆண்ட முறை முடிவுக்கு வந்த 1868இல், அவர்களுக்கு விசுவாசமாக இருந்த வீரர்கள் இங்கே திரண்டு புதிய அரசின் படையோடு மோதித் தோற்றபோது, மடத்தின் பெரும்பகுதி எரிந்து போயிற்று. வெறுமையான அந்த நிலத்தில் மருத்துவப் பள்ளியும் மருத்துவமனையும் கட்ட எண்ணிய அரசு, பௌடுவின் என்னும் டச்சு மருத்துவரின் கருத்தைக் கேட்டது. அவரோ மரங்களின் அருமையைக் கண்டு, இதைப் பொதுமக்களின் பூங்காவாகவே விட்டுவிட வேண்டும் என்று வலியுறுத்தினார். ஜப்பானில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட பொதுப் பூங்காக்களுள் ஒன்றாக 1873இல் உயெனோ பெயர் பெற்றது. அந்த மருத்துவரின் மார்பளவுச் சிலை பூங்காவில் இருக்கிறது. முதலில் நிறுவப்பட்ட சிலை தவறுதலாக அவருடைய சகோதரரின் படத்தைப் பார்த்துச் செய்யப்பட்டதாகையால், 2006இல்தான் அவருடைய உண்மையான முகம் அங்கே ஏறியது. இந்தச் செய்தியைக் கேட்ட குழந்தைகள் சிலையைத் தேடிக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள்.

ஜப்பானின் முதல் விலங்குக் காட்சி சாலை இங்கே 1882இல் திறக்கப்பட்டபோது, அது அருங்காட்சியகத்தின் ஒரு பிரிவாகவே தொடங்கியது. உயிருள்ளவற்றையும் உயிரற்றவற்றையும் அருகருகே வைத்து மக்களுக்குக் கல்வி புகட்டுவது என்ற அன்றைய நோக்கம் பூங்காவின் அமைப்பில் இன்றும் தெரிகிறது. கானெய்ஜி மடத்தின் ஐந்தடுக்குக் கோபுரம் காட்சி சாலையின் வளாகத்துக்குள்ளேயே நிற்பதால், யானையைப் பார்க்க வந்த குழந்தை நிமிர்ந்து பார்த்தால் பதினேழாம் நூற்றாண்டின் மரக் கட்டடக் கலையையும் கண்டுவிடுகிறது. 1972 அக்டோபரில் சீனாவிலிருந்து காங் காங், லான் லான் என்னும் இரு பாண்டாக்கள் வந்ததிலிருந்து உயெனோவின் புகழ் பாண்டாக்களோடு பிணைந்துவிட்டது என்றாலும், இந்தியாவிலிருந்து செல்வோர் அறிய வேண்டிய வரலாறு யானைகளுடையது.

1943 ஆகஸ்டில், வான்தாக்குதல் நேர்ந்து கூண்டுகள் உடைந்தால் கொடிய விலங்குகள் நகருக்குள் புகுந்துவிடும் என்ற காரணத்தைச் சொல்லி, அவற்றைக் கொன்றுவிடுமாறு டோக்கியோ நிர்வாகத் தலைவர் ஆணையிட்டார். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி எல்லாம் மாண்டன. ஜான், டோங்கி, ஹனாகோ என்னும் மூன்று யானைகள் பட்டினி போடப்பட்டன. ஜான் ஆகஸ்ட் இறுதியிலும், மற்ற இரண்டும் செப்டம்பரிலும் இறந்தன. கொல்லப்பட்ட விலங்குகளுக்கான நினைவுச் சடங்கு செப்டம்பர் 4ஆம் நாள் நடத்தப்பட்டபோது அந்த இரண்டு யானைகளும் இன்னும் உயிரோடு இருந்தன என்பது இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி. பின்னாளில் இச்செய்தி குழந்தைகளுக்கான படக்கதையாகப் பரவியபோது, நகரின் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வேளையில் இது நடந்ததைப் போன்ற எண்ணம் பலரிடம் ஏற்பட்டது. ஆனால் டோக்கியோ மீதான தொடர் குண்டுவீச்சு 1944 நவம்பரில்தான், அதாவது ஓராண்டுக்கும் மேல் கழித்துத்தான், தொடங்கியது. மக்களைப் போரின் கடுமைக்குப் பழக்குவதே ஆணையின் உள்நோக்கம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. காட்சி சாலைக்குள் இருக்கும் விலங்குகளின் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் நின்று, எட்டு ஒன்பது வயதைக் கடந்த குழந்தையிடம் இதை மறைக்காமல் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

ஏனெனில் இந்த வரலாற்றின் அடுத்த பகுதியை நடத்தியவர்கள் குழந்தைகளே. போர் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் டோக்கியோவில் யானை இல்லை. நாடு முழுவதிலும் உயிர் தப்பிய யானைகள் நகோயா நகரில் இருந்த இரண்டுதான். அவற்றுள் ஒன்றைத் தங்களுக்குக் கடனாகத் தருமாறு உயெனோ அமைந்துள்ள தாயித்தோ வட்டாரத்துச் சிறுவர்கள் தங்களுக்குள் ஒரு மன்றம் கூட்டித் தீர்மானித்து, நாடாளுமன்றம் வரை சென்று மனுக் கொடுத்தனர். இணைபிரியாத அந்த யானைகளைப் பிரிக்க முடியாது என்று தெரிந்தபோது, பல ஊர்களிலிருந்து குழந்தைகளை நகோயாவுக்கு அழைத்துச் செல்ல 1949இல் தனி ரயில்கள் விடப்பட்டன. அதே காலத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இந்தியப் பிரதமர் ஜவாஹர்லால் நேருவுக்கு யானை கேட்டுக் கடிதம் எழுதினர். விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த இந்தியாவிலிருந்து, நேரு தம் மகளின் பெயரைச் சூட்டிய இந்திரா என்னும் பெண் யானை 1949 செப்டம்பரில் கப்பலில் வந்து இறங்கியது. மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த அந்த யானைக்குக் கன்னடத்தில் இட்ட கட்டளைகளே புரியுமாதலால், உடன் வந்த பாகன்களிடமிருந்து ஜப்பானியப் பராமரிப்பாளர்கள் அச்சொற்களைக் கற்றுக்கொண்டனர். 1957இல் நேருவே மகளோடு உயெனோவுக்கு வந்து யானையைப் பார்த்தார். 1983இல் இறக்கும்வரை இந்திரா அங்கேயே வாழ்ந்தது.

இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கு முன்னால் நீலத் திமிங்கிலம் ஒன்றின் இயல்பளவு உருவம், ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்தில், கடலுக்குள் பாயும் நிலையில் நிற்கிறது. அதன் தலையிலிருந்து வால்வரை நடந்து அடிகளை எண்ணிப் பார்க்கச் சொன்னால், எந்தப் புத்தகமும் உணர்த்த முடியாத அளவைக் குழந்தை தன் கால்களால் அறிந்துகொள்ளும். உள்ளே ஜப்பான் கூடம், உலகக் கூடம் என இரண்டு பகுதிகள் உண்டு. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் 1931இல் கட்டி முடிக்கப்பட்ட ஜப்பான் கூடம், மேலிருந்து பார்த்தால் விமான வடிவில் அமைந்தது. பெரும்பாலோர் டைனோசர்களைத் தேடி நேரே உலகக் கூடத்துக்கு விரைகிறார்கள். குழந்தைகளின் மனத்தில் நெடுநாள் தங்கக்கூடிய பொருள்களோ ஜப்பான் கூடத்தில்தான் மிகுதி.

இறந்துபோன எஜமானருக்காக ஷிபுயா ரயில் நிலைய வாயிலில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் காத்திருந்து 1935இல் மாண்ட ஹாச்சிகோ என்னும் நாயின் பாடம் செய்யப்பட்ட உடல் அங்கே இருக்கிறது. பாடம் செய்தல் என்பது விலங்கின் தோலைப் பக்குவப்படுத்தி, உயிரோடிருந்தபோது கொண்டிருந்த தோற்றத்தில் நிறுத்தி வைப்பது. அதன் அருகிலேயே ஜிரோ நிற்கிறது. 1958இல் அண்டார்க்டிகாவிலிருந்து ஜப்பானிய ஆய்வுக் குழு அவசரமாக வெளியேற நேர்ந்தபோது கைவிடப்பட்ட பதினைந்து நாய்களில், மறு ஆண்டு திரும்பிச் சென்றவர்கள் உயிரோடு கண்ட இரண்டனுள் ஒன்று அது.

இன்னொரு தளத்தில் புதாபாசாரஸ் என்னும் நீண்ட கழுத்துக் கடல் ஊர்வன ஒன்றின் எலும்புக்கூடு தொங்குகிறது. 1968இல் புகுஷிமா மாநிலத்தின் ஆற்றங்கரைப் பாறையில் இதன் புதைபடிவத்தை முதலில் கண்டவர் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர். அறிவியல் உலகம் இதற்கு முறையான பெயரைச் சூட்ட 2006 வரை ஆயிற்று. டைனோசர் காலத்தில் வாழ்ந்தாலும் இது டைனோசர் இனத்தைச் சேர்ந்ததன்று என்பதையும், தொலைக்காட்சி வழியே தமிழ்க் குழந்தைகளும் நன்கறிந்த டோரேமான் கதையில் நோபிதா வளர்க்கும் பீசுகே இந்த விலங்கே என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்த எலும்புக்கூட்டின் முன்னிருந்து குழந்தைகளை நகர்த்துவது கடினமாகும்.

அதே கட்டடத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும் ஃபூக்கோ ஊசல் பொறுமையைக் கேட்பது. நீண்ட கம்பியில் தொங்கும் கனமான குண்டு ஆடும் திசை, தரையோடு ஒப்பிடும்போது சிறிது சிறிதாகத் திரும்புகிறது. திரும்புவது உண்மையில் கீழே இருக்கும் பூமி. துருவத்தில் ஏறத்தாழ ஒரு நாளில் முழு வட்டமிடும் இத்திசை, நிலநடுக்கோட்டில் திரும்புவதே இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட டோக்கியோவில் அதற்கு ஏறத்தாழ 41 மணி நேரம் ஆகிறது. கூடத்துக்குள் நுழையும்போது ஒரு முறையும் வெளியேறும்போது ஒரு முறையும் பார்க்க வைத்தால், இரண்டு மணி நேரத்தில் திசை 17 பாகைக்கு மேல் திரும்பியிருப்பதைக் குழந்தைகள் தாங்களே கண்டறிவார்கள். உலகக் கூடத்தில் பதுங்கி அமர்ந்த நிலையிலான டைரனோசாரஸும், நூற்றுக்கும் மேற்பட்ட பாடம் செய்யப்பட்ட விலங்குகள் அணிவகுத்து நிற்கும் தளமும், பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் ஏறி இறங்கி விளையாடுவதற்கான தனிப் பகுதியும் உண்டு.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் சிறு குழந்தைகளுக்குக் கடினமான இடம்; அதை முழுதும் சுற்ற முயல்வது வீண். வாள்களும் போர்க் கவசங்களும் உள்ள அறைகளையும், தொல்லியல் பிரிவில் ஹனிவா எனப்படும் சுடுமண் உருவங்களையும் மட்டும் காட்டினால் போதும். மூன்றாம் நூற்றாண்டு முதல் ஆறாம் நூற்றாண்டுவரை பெருந்தலைவர்களின் புதைமேடுகளைச் சுற்றி நிறுத்தப்பட்ட அவ்வுருவங்களின் வட்டக் கண்களும் திறந்த வாயும் குழந்தைகளின் களிமண் பொம்மைகளுக்கு வெகு அருகில் இருப்பதால், அவற்றுக்கு விளக்கமே தேவைப்படாது.

மேலைநாட்டுக் கலை அருங்காட்சியகத்தின் கட்டடம் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் வடிவமைப்பில் 1959இல் கட்டி முடிக்கப்பட்டது. 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த அவருடைய பதினேழு படைப்புகளில் இதுவும் சண்டிகரின் அரசு வளாகமும் அடங்கும். முற்றத்தில் ரோடான் வடித்த வெண்கலச் சிற்பங்கள் நிற்கின்றன. சிந்தனையாளர் சிலையைப் போலவே உட்கார்ந்து பார்க்கச் சொன்னால், வலது முழங்கையை இடது தொடைமேல் ஊன்றுவது எவ்வளவு சிரமம் என்பதைக் குழந்தைகள் உடலாலேயே உணர்ந்து, சிற்பி மனிதத் தசைகளை எவ்வளவு கூர்ந்து கவனித்தார் என்பதையும் புரிந்துகொள்வார்கள்.

மழை நாளுக்கு 1906ஆம் ஆண்டுக் கட்டடத்தில் இயங்கும் சிறுவர் இலக்கிய நூலகம் உகந்தது. வெயில் காலத்தில், அதாவது ஜூலையிலும் ஆகஸ்டிலும், ஷினோபாசு குளத்தின் தாமரைகள் காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் குவிந்துவிடுவதால், நாளை அங்கிருந்து தொடங்குவதே சரி. குளத்தின் நடுவே உள்ள கோயிலில் வழிபடப்படும் பென்சாய்தென், பௌத்தத்தோடு ஜப்பானுக்குச் சென்ற சரஸ்வதியே ஆவாள்.

அருங்காட்சியகங்களின் நிலையான காட்சிகளுக்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்வரை கட்டணம் இல்லை. காட்சி சாலையில் தொடக்கப் பள்ளி வயதுவரை இல்லை. ஆகவே ஒரு கூடத்தை அரை மணி நேரத்தில் விட்டு வெளியேற நேர்ந்தாலும் குழந்தையின் பொருட்டுப் பணம் வீணாகிவிட்டது என்று வருந்த வேண்டியதில்லை. அருங்காட்சியகங்களும் காட்சி சாலையும் பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். திங்கள் பொது விடுமுறையாக அமைந்தால் அன்று திறந்து மறுநாள் மூடப்படும். வேறு நாள் வாய்க்காமல் திங்களன்றே செல்ல நேரும் குடும்பங்களுக்குக் குளமும், கோயில்களும், நாயோடு நிற்கும் சாமுராய் வீரர் சைகோ தகமோரியின் சிலையும், அறிவியல் அருங்காட்சியகத்தின் வெளியே நிறுத்தப்பட்டுள்ள நீராவி ரயில் எஞ்சினும் திமிங்கிலமும் ஒரு முற்பகலுக்குப் போதும்.