புதன்கிழமைப் பெட்டிக்குள் என்ன?

புதன்கிழமை காலை. தோவாளைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். வெளியே வரிசையில் இருப்பவர்களுக்கு ஊசி மட்டும்தான் தெரியும். நாம் நைசாக உள்ளே போவோம், வாங்க!

அதோ ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டி. உள்ளே 2 முதல் 8 டிகிரிக் குளிர். தட்டம்மை–ரூபெல்லா மருந்து அதற்குள் பொடியாகத் தூங்குகிறது. குப்பி மூடியைப் பாருங்கள்: ஒரு வட்டம், நடுவே வெளிறிய சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் குப்பி அவுட்! கண்ணுக்குத் தெரியாத வெப்பத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கும் துப்பறிவாளன் அது. கரைசலைக் கலக்கியதும் சிஸ்டர் நேரத்தைக் குறிக்கிறார். இனி 4 மணி நேரம்தான் ஆயுசு. மிச்சம் இருந்தாலும் கழிவுதான்.

"சிஸ்டர், இது போட்டா ஆட்டிசம் வருமாமே?"

"யாரு சொன்னா மக்களே, வாட்ஸ்அப்பா?"

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்த ஊசியைத் தமிழ்நாடு போடத் தொடங்கியபோதும் வதந்தி பறந்தது. ஆட்டிசப் பயத்தின் மூலம், 1998இல் வேக்ஃபீல்ட் என்பவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. 'லான்செட்' இதழ் 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கூத்து என்னவென்றால், உண்மைக் கதை நேர்தலைகீழ்! 1964இல் அமெரிக்காவில் ரூபெல்லா பரவியது. கருவிலேயே அது தொற்றிய 243 குழந்தைகளை மனநல மருத்துவர் ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்து, 18 பேரிடம் ஆட்டிசமோ அதன் சாயலோ இருந்ததாக 1971இல் எழுதினார். ஆட்டிசத்துக்குப் போகும் பாதை ஒன்றை அடைக்கிற ஊசிமீதே அந்தப் பழி!

சில சமயம் கிருமியே கருவுக்குள் போக வேண்டியதில்லை. தாயின் எதிர்ப்புச் சக்தி கிளம்பினாலே போதுமோ? குளோரியா சோய், ஜுன் ஹூ என்ற விஞ்ஞானித் தம்பதியின் ஆய்வுக்கூடங்களில் கர்ப்ப எலிகளுக்குத் தொற்று வந்ததுபோல் ஏமாற்றினார்கள். இன்டர்லூகின்–17ஏ என்ற மூலக்கூறு குட்டியின் மூளை வளர்ச்சியைக் குழப்பியது. அதைத் தடுத்ததும் குட்டிகள் சாதாரணமாகப் பிறந்தன. 2016இல் வந்த முடிவு இது. எலியில் கண்டதுதான், மனிதருக்கு அப்படியே ஒட்டவைக்கக் கூடாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. "காய்ச்சல் வந்தா எம்பிள்ளை முகத்தப் பாத்துச் சிரிக்கான்" என்று ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர் சொல்வார்கள். 2007இல் அமெரிக்காவில் 30 ஆட்டிசக் குழந்தைகளைக் காய்ச்சலின்போது கவனித்த ஆய்விலும் பலரிடம் தற்காலிக முன்னேற்றம் பதிவானது. 2020இல் சோய்–ஹூ குழு, கருவில் பாதிக்கப்பட்ட எலிகள் வளர்ந்தபின் அவற்றின் எதிர்ப்புச் சக்தியைச் சீண்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்துக்கு அவை மற்ற எலிகளோடு கலகலப்பாகப் பழகின. காரணம் யாரென்று தேடினால், கருவில் குழப்பம் செய்த அதே 17ஏ!