பெரிய கொக்கிக்கும் ஒரு ரிட்டையர்மென்ட்!

ரயில் மியூசியம் என்றதும் நம் கண் முன்னே வருவது என்ன? பாலீஷ் போட்ட நீராவி எஞ்சின், அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் கூட்டம். சரி, அந்த எஞ்சின் ஒரு நாள் தண்டவாளத்தை விட்டு இறங்கிப் பள்ளத்தில் குப்புறப் படுத்துவிட்டால், அதைத் தூக்கி நிறுத்தியது யார்? அந்த ஆசாமியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம்ம ரயில்வேயில் அதற்குப் பெயர் பிரேக்டவுன் கிரேன். ரயில்வே காலனியில் வளர்ந்த நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். நடு ராத்திரியில் ஷெட் சங்கு நீளமாக ஊதினால், எங்கோ வண்டி தடம் புரண்டிருக்கிறது, கிரேன் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். இன்று நம்மிடம் ஓடுவது டீசலில் இயங்கும் 140 டன் ரகம். பீகாரில் உள்ள ஜமால்பூர் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அமெரிக்கக் கதை. காரணம், அங்கேதான் இந்தக் கிரேன்கள் கூட்டம் கூட்டமாக வேலை இழந்தன. வேலை போன கிரேனை என்ன செய்வது என்ற கேள்வியும் அங்கே பெரிதாக எழுந்தது.

அங்கே ரயில்வே தொழிலாளிகள் வைத்த செல்லப் பெயர் 'பிக் ஹுக்', பெரிய கொக்கி. மிச்சிகன் மாநிலம் பே சிட்டியில் இருந்த இண்டஸ்ட்ரியல் வொர்க்ஸ் கம்பெனி இதில் பெரிய கை. 1927-ல் இன்னொரு கம்பெனியுடன் சேர்ந்து இண்டஸ்ட்ரியல் பிரவுன்ஹாய்ஸ்ட் ஆனது. அதற்குப் போட்டி, பனாமா கால்வாய் வெட்ட நீராவி மண்வாரி அனுப்பிய அதே பியூசைரஸ் கம்பெனி. 100 டன், 150 டன் என்று வளர்ந்து கடைசியில் 250 டன் வரைக்கும் போனார்கள். (அமெரிக்க டன் 2000 பவுண்டுதான், நம் கணக்கில் 907 கிலோ. பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்!)

250 டன் என்று எழுதியிருந்தால் எப்போதும் 250 டன் தூக்குமா? அதுதான் இல்லை. அப்ளைடு மெக்கானிக்ஸில் மொமென்ட் கணக்குப் போட்டு நொந்து போனவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்கவும். கவிழும் விளிம்பிலிருந்து 5 மீட்டரில் 100 டன் தூக்கினால் மொமென்ட் 500 டன்-மீட்டர். அதே கிரேன் 10 மீட்டர் தள்ளி எட்டிப் பிடித்தால் கணக்குப்படி 50 டன். பூம் சாயச் சாய அதன் சொந்த எடையும் வெளியே போய்விடுவதால் அந்த 50-கூட முழுசாகக் கிடைக்காது. இதிலே அது நிற்கும் தண்டவாளத்தின் அகலம் வெறும் 1435 மில்லிமீட்டர். பக்கவாட்டில் தூக்கினால் கிரேனே கவிழ்ந்துவிடும். அதனால் வயிற்றுக்கடியிலிருந்து அவுட்ரிகர் கைகளை வெளியே இழுத்து, கீழே ஸ்லீப்பர் கட்டை அடுக்கி பேக்கிங் கொடுத்து, தன் காலை அகட்டி நின்றுகொண்டுதான் பெரிய எடையைத் தொடும். பின்பக்கத்தில் பாய்லர், தண்ணீர், வார்ப்பிரும்புக் கட்டி எல்லாம் எதிர் எடை. பெரிய எஞ்சின் என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கிரேன் பிடிக்கும்.

நீராவி இந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தம். நின்ற நிலையிலேயே முழு இழுவிசை கொடுக்கும். த்ராட்டிலை நூலிழை திறந்தால் கொக்கி அங்குலம் அங்குலமாக ஏறும். பாரம் தாங்காமல் நின்றுபோனாலும் டீசல் மாதிரி அணைந்துவிடாது. அதனால்தான் 1960 வாக்கில் அமெரிக்க ரயில்வேக்கள் நீராவி எஞ்சின்களை ஓரம் கட்டிய பிறகும், அவற்றைத் தூக்கிய நீராவி கிரேன்கள் பல இடங்களில் இன்னும் பல வருஷம் உயிரோடு இருந்தன.

அப்புறம் வந்தது வினை. கேட்டர்பில்லர் டிராக்டரின் பக்கவாட்டில் ஒரு பூம் பொருத்தி, பைப்லைன் போடுகிறவர்கள் உபயோகித்த வண்டியை, காண்ட்ராக்டர்கள் விபத்து இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். டிரெய்லரில் ஏற்றி ரோடு வழியாக வரும். தண்டவாளமே தேவையில்லை, கவிழ்ந்த வண்டியின் எந்தப் பக்கத்துக்கும் ஊர்ந்து போகும். ரயில் கிரேனோ அடைபட்ட அதே லைன் வழியாகத்தான் வர வேண்டும், ஓரத்திலிருந்து ஒவ்வொரு வேகனாக நீக்கிக்கொண்டே உள்ளே போக வேண்டும். தவிர, வருஷத்தில் சில நாள் வேலைக்காக முந்நூற்றுச் சொச்சம் நாள் கிரேனையும் ஆட்களையும் வைத்துச் சோறு போட வேண்டும். கூப்பிட்டால் வருகிற காண்ட்ராக்டர் மலிவு. கணக்குப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

வேலை போன நூறு டன்னுக்கு மேற்பட்ட இரும்பு, பழைய இரும்புக்காரர் கண்ணுக்கு லட்டு. மியூசியங்களும் தயங்கின. கிரேனில் பயணி ஏற முடியாது; டிக்கெட் வராது. போதாக்குறைக்கு, விபத்தை ஞாபகப்படுத்தும் முகம். சில ரயில்வேக்கள் இலவசமாகவே கொடுக்க முன்வந்தன. ஆனால் யானையை இலவசமாகத் தருகிறேன் என்றால் வீட்டுக்கு எப்படிக் கூட்டிவருவது? பழைய கிரேன்களில் ரோலர் பேரிங் கிடையாது, எண்ணெய்ப் பஞ்சு வைத்த பிளெய்ன் பேரிங்தான். 1990-களில் ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொரு ரயில்வேக்குப் போகும் வண்டிகளில் பிளெய்ன் பேரிங் கூடாது என்று விதி வந்துவிட்டது. ஆகவே தனி அனுமதி வாங்கி மெதுவாக உருட்ட வேண்டும், இல்லையென்றால் பூம் வேறு, உடல் வேறு, சக்கரம் வேறு என்று கழற்றி லாரியில் ஏற்ற வேண்டும். அதைக் கழற்றி ஏற்றுவதற்கு? இன்னொரு கிரேன்!

இந்தத் தலைவலி இல்லாமல் தப்பித்த ஒரு கிரேன் நெவாடா மாநிலம் ஈலி என்ற ஊரில் இருக்கிறது. நெவாடா நார்தர்ன் ரயில்வே, தாமிரத்துக்காக 1905-06-ல் போட்ட லைன். 1983-ல் பக்கத்து மெக்கில் ஊர் தாமிர உருக்காலை மூடியது, ரயிலும் நின்றது. ஆனால் யார்டு, ஷெட், ஒர்க்‌ஷாப், கருவிகள், ஆபீஸ் காகிதங்கள் எல்லாம் கலையாமல் அப்படியே ஒரு அறக்கட்டளையின் கைக்கு வந்தன. 2006-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 1907-ல் பே சிட்டியில் செய்த 100 டன் நீராவி கிரேனும் அங்கேயே இருக்கிறது. அதற்கு நம்பர்கூட இல்லை, 'ஏ' என்ற எழுத்துதான் பெயர். 1909, 1910-ல் கட்டிய எஞ்சின்கள் பக்கத்து ஷெட்டிலேயே நிற்கின்றன. பிறந்த வருஷத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: கிரேன், அதைப் பழுது பார்த்த லேத், அது தூக்க வேண்டிய எஞ்சின் மூன்றும் ஒரே காம்பவுண்டில் இருக்கின்றன. தனியாகப் பார்க்கில் நிறுத்தி சிவப்பு பெயிண்ட் அடித்த கிரேனைப் பார்த்து, அது எப்படி வேலை செய்தது என்று எந்த மாணவனுக்கும் புரியாது.

சரி, காப்பாற்றுவது என்றால் பெயிண்ட் அடிப்பதா? நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு வேலை இங்கேதான் ஆரம்பம். முதல் எதிரி மழை. புகைபோக்கி வழியாக இறங்கும் தண்ணீர் உள்ளே இருக்கும் கரியோடு சேர்ந்து அமிலமாகி பாய்லர் ட்யூபைத் தின்றுவிடும். அதன் மேல் ஒரு தகர மூடியைக் கவிழ்த்து வைத்தால் போதும். அதைச் செய்யாததால் செத்த பாய்லர்கள் எத்தனையோ! இந்தக் கிரேன்களில் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும் பாய்லர்தான். ட்யூபின் மேல் நுனி தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும் ரகத்தில் அந்த இடம் சூட்டில் காய்ந்து கசியும். அடியில் ஃபயர்பாக்ஸைச் சுற்றிச் சேறு படிந்து பிளேட் அரிக்கும். அல்ட்ராசானிக் கருவி வைத்துத் தகட்டின் கனத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, ஹைட்ராலிக் டெஸ்ட் செய்த பிறகுதான் தீ மூட்டலாம்.

அடுத்தது வயர் ரோப். வெளியே கிரீஸ் மினுமினுக்கும்; உள்ளே நடுக்கயிறு காய்ந்து துரு பிடித்திருக்கும். இதில் சிக்கனம் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு புதுசு போட வேண்டியதுதான். கொக்கியின் வாய் பழைய அளவிலிருந்து விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மேக்னடிக் பார்ட்டிகிள் டெஸ்டில் கீறல் தேட வேண்டும். பல் போன கியருக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? செய்த கம்பெனியே இல்லை. மரத்தில் பேட்டர்ன் செய்து வார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் பழைய பலகையில் உள்ள டன்னை நம்பித் தூக்கினால் அது முட்டாள்தனம். நூறு வயதுக்காரரை இளவட்டக்கல் தூக்கச் சொல்லலாமா? சோதனைப் பாரம் வைத்துப் பார்த்து, பலகையில் உள்ளதைவிட வெகுவாகக் குறைந்த எடையை வரம்பாக எழுதி ஒட்டுவதுதான் நேர்மை. அந்தக் குறைந்த எடையிலேயே மியூசியத்துக்குள் அதற்கு நல்ல வேலை உண்டு. பாய்லரைச் சட்டத்திலிருந்து தூக்கலாம், சக்கர ஜோடிகளை மாற்றலாம், பூட்டிய பாய்ண்டைக் கொண்டுவந்து இறக்கலாம். காட்சிப் பொருள் தன் சாப்பாட்டைத் தானே சம்பாதிக்கும்!

இடையில் பாய்லரைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்திய கிரேன்களும் நிறைய. அவற்றை 'ஒரிஜினல்' ஆக்குகிறேன் என்று டீசலைப் பிடுங்குவது எனக்குச் சம்மதமில்லை. அந்த டீசலும் அதன் சரித்திரம்தான்.

இரும்பைவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பது ஒன்று இருக்கிறது, கை வேலை. எங்கே சங்கிலி கட்டினால் எஞ்சின் சுழலாமல் எழும், ஈர மண்ணில் எத்தனை அடுக்கு கட்டை வேண்டும் என்பதெல்லாம் எந்த மேனுவலிலும் முழுசாக இல்லை. பழைய ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. ஓடும் நிலையில் கிரேன் இருந்தால்தான் அதைச் சொல்லிக் கொடுக்க முடியும். சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் கை ஜாடை. கட்டைவிரல் மேலே என்றால் பூம் ஏற்று, கீழே என்றால் இறக்கு. இரைச்சலிலும் புகையிலும் கிரேன் டிரைவர் ஒரே ஒருவரின் கையைத்தான் பார்ப்பார். பக்கத்தில் ஜெனரல் மேனேஜரே நின்று கத்தினாலும் கண்டுகொள்ள மாட்டார். 'நிறுத்து' என்ற ஜாடைக்கு மட்டும் அந்த விதி கிடையாது. அதை டீ வாங்கப் போன பையன் காட்டினாலும் கிரேன் நிற்கும்.