உப்புத் தொட்டியில் யாரோடு யார்?

சாத்தூரைத் தொட்டுப் போகும் வைப்பாறு வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். தண்ணீர் வரும்போது அது போய்ச் சேருமிடம் மன்னார் வளைகுடா. பவளத்திட்டுகளும், அவற்றைச் சுற்றித் திரியும் வண்ண மீன்களும் நிறைந்த கடல் அது. சிவகாசியிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். இருந்தும் இந்தப் பக்கத்து வீடுகளில் மீன் தொட்டி என்றால் கோல்டு ஃபிஷ், கப்பி, ஃபைட்டர். கடல்மீன் வளர்க்கலாமே என்றால், உப்புத் தண்ணீருக்கு எங்கே போவது என்பார்கள்.

உப்பளம் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு மூட்டை வாங்கிக் கரைத்தால் ஆகாதா? ஆகாது. கடல்நீரில் கரைந்திருக்கும் பலவற்றிலிருந்து சோடியம் குளோரைடை மட்டும் பிரித்தெடுப்பதுதான் உப்பளத்தின் வேலையே. பாத்தியில் நீர் வற்ற வற்ற, கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முதலிலேயே படிந்துவிடும். உப்பு விளைந்த பின் மிஞ்சும் கசப்பு நீரோடு மக்னீசியம் போய்விடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் மக்னீசியம் 1,300 மில்லிகிராம், கால்சியம் 400 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். இவை இல்லாத நீரில் நத்தைக்கு ஓடு வளராது, தோலுரித்த இறாலுக்குப் புதுத்தோல் இறுகாது. ஆகவே எல்லாத் தாதுக்களும் சேர்த்து மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பை வாங்கி ஆர்.ஓ. நீரில் கரைக்க வேண்டும். 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். இதைவிடச் சிறிய தொட்டி வேண்டாம். நீர் குறையக் குறையத் தவறைத் தாங்கும் சக்தியும் குறையும்.

மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் இந்த மண்ணில் வேர்விட்டன. அதே காற்று தொட்டியையும் உறிஞ்சும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே நிற்கும். அதனால் இறங்கிய மட்டத்தைத் தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. நீர் ஊற்றித்தான் சரிசெய்ய வேண்டும். அடுத்தது சூடு. கடல்மீனுக்கு 25 முதல் 27 டிகிரி சுகம். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். கடல்நீர் 7-க்கும் குறைவாகவே தாங்கும். சித்திரை வெயிலில் நீர் 32 டிகிரி ஆனால் அதுவும் 6 அளவுக்கு இறங்கிவிடும். குளிர்விக்கும் கருவி விலை அதிகம். நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறிய விசிறி ஓடினால், நம் வறண்ட காற்றில் இரண்டு மூன்று டிகிரி தணியும். கரண்ட் போனால் ஓட பேட்டரி காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம்.

தொட்டி தயாரான அன்றே மீன் வாங்கக் கூடாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அளவோடு இருந்தால் பாதகமில்லை. இந்த நைட்ரேட் சிவகாசிக்குப் புதிதல்ல. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்தான். ரசாயன ஆலைகள் வருமுன் தொழுவத்து மண்ணைக் கரைத்துக் காய்ச்சி அதை எடுத்தார்கள். அந்த மண்ணில் நைட்ரேட்டை உண்டாக்கியதும் இதே வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களே. தொட்டிக்குள் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை கல்லும் மணலும் நீரும் மட்டும் ஓடட்டும்.

இனி, யாரோடு யார்? பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. குளோரேட் ஒரு மூலையில் இருக்கலாம், கந்தகம் ஒரு மூலையில் இருக்கலாம்; இரண்டையும் ஒன்றாகக் கலக்கச் சட்டமே தடை போட்டிருக்கிறது. சிங்க மீனும் தனியே இருந்தால் சாதுதான். விரலளவு இறாலை அதனோடு விட்டால் மறுநாள் இறால் இருக்காது. பேத்தையும் கிளாத்தியும் நத்தை ஓட்டைக் கடித்தே நொறுக்கும். ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று நுழையுமா என்று பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

மீதிப் பாதி இடத்தகராறு. நீல டாம்செல் மலிவு, எதையும் தாங்கும். எனவே முதல் மீனாகக் கடைக்காரர்கள் அதைத்தான் கையில் திணிப்பார்கள். என் கணக்கில் அது மோசமான ஆலோசனை. முதலில் குடியேறிய டாம்செல் தொட்டி முழுவதையும் பட்டா போட்டுக்கொண்டு, பின்னால் வரும் ஒவ்வொன்றையும் விரட்டும். சாது முதலில், முரடு கடைசியில் என்பதே சரியான வரிசை.

புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கோமாளி மீன் ஜோடிக்கு ஈடில்லை. எல்லாக் கோமாளிக் குஞ்சுகளும் முதலில் ஆணாகவே வளரும்; கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஒரே இனத்தில் சிறியதாக இரண்டு வாங்கினால் அவையே ஜோடியாகிவிடும். வளர்ந்த பெண்கள் இரண்டை விட்டால் சாகும்வரை சண்டை. கடலில் தான் அண்டி வாழும் கடல் சாமந்தி இல்லாமலும் கோமாளி நன்றாக வாழும். சாமந்திக்குக் கடும் வெளிச்சமும் பல மாதம் பழகிய தொட்டியும் வேண்டும். அது நகர்ந்து பம்பில் சிக்கிச் செத்தால் தொட்டி நீரே கெட்டுவிடும். 2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தின் டோரியைக் கேட்டுக் குழந்தைகள் அடம்பிடிப்பார்கள். அந்த மீன் ஓரடி வரை வளரும், மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் அழகின் உச்சம், ஆனால் உயிருள்ள நுண்ணிய கணுக்காலிகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். புதுத் தொட்டியில் பட்டினியால் சாகும்.

நான் பரிந்துரைக்கும் இரண்டாவது ஜோடி ஓர் உளுவையும் துப்பாக்கி இறாலும். இறாலுக்குக் கண் மந்தம், தோண்டுவதில் சூரன். நாள் முழுக்க மணலை வாரி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு மீசை மட்டும் வாசலில் காவல் நிற்கும் உளுவையின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து என்றால் உளுவை வாலை அதிர்விக்கும், அடுத்த நொடி இரண்டும் வளைக்குள். இந்த இறாலிடம் மருந்தில்லாத வெடியும் உண்டு. பெரிய கொடுக்கைச் சொடுக்கும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி உண்டாகி உடையும். சத்தம் கொடுக்கு மோதுவதால் வருவதல்ல, அந்தக் குமிழி உடைவதால் வருவது என்று 2000-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. உடையும் கணத்தில் குமிழிக்குள் வெப்பம் 5,000 கெல்வினைத் தொடும் என்றும், மங்கிய ஒளிப்பொறி ஒன்றும் எழும் என்றும் மறு ஆண்டு கண்டார்கள். இரவில் தொட்டியிலிருந்து ‘டப்’ என்று கேட்டால் கண்ணாடி விரிசல் என்று பதற வேண்டாம்.

இவற்றோடு சுத்தம் செய்யும் இறால் ஒன்று, பாசி மேயும் நத்தைகள் நாலைந்து. 100 லிட்டருக்கு இவ்வளவே போதும்.

இறாலும் நத்தையும் வந்துவிட்டால் தாமிரத்துக்குத் தொட்டியில் இடமில்லை. வாணவெடியில் நீலம் தருகிற அதே தாமிரம், மீன்மேல் வரும் வெண்புள்ளி நோய்க்கு மருந்து. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில் மீன் பிழைக்கும், இறால் சாகும். இத்தனைக்கும் இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே தாமிரம்தான். நீரில் கரைந்து செவுளில் படும் தாமிரமோ அதற்கு விஷம். நோய்ப்பட்ட மீனைத் தனி வாளிக்கு மாற்றி மருந்திடுங்கள். பட்டறையிலிருந்து வந்த கையைக் கழுவாமல் தொட்டிக்குள் விடாதீர்கள்.

கடற்கரைக்குப் போய் நாமே பிடித்து வரலாமே என்ற ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. எடுத்தாலும் வைத்திருந்தாலும் சிறை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் உருவாக்கியிருக்கின்றன. பண்ணையில் பிறந்த குஞ்சு கண்ணாடித் தொட்டியும் தூள் தீனியும் பார்த்தே வளர்ந்தது. கடலில் பிடித்ததைவிட விலை கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள். வாங்குமுன் கடைக்காரரிடம் உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.