ஒருவர் செய்தால் ஊரே செய்ததாகுமா?



ஒருவரிடம் கண்ட குறையை எல்லோர் மீதும் சுமத்துவது வாதத்தில் பெரும் பிழை. அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் மன்திக் என்னும் தர்க்கக் கலை, சிலவற்றை மட்டும் பார்த்து எல்லாவற்றுக்கும் முடிவு சொல்வதை 'இஸ்திக்ரா நாகிஸ்' என்கிறது. அது உறுதியான ஆதாரமாகாது.

இப்பிழையின் கொடுமையை நம் புத்தளக் கரை அறியும். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சிலர் காட்டிக்கொடுத்தனர் என்பது பின்னர் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மன்னாரிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டியில் வந்திறங்கினர். உம்மாவின் மடியிலிருந்த பால்குடிப் பிள்ளை யாரைக் காட்டிக்கொடுத்தது?

நம் நாவு மட்டும் சுத்தமா? வந்தவர்களில் ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் சண்டை பிடித்தால், "அகதிகளே இப்படித்தான்" என்கிறோம். ஊரவர் ஒருவர் கடிந்து பேசினால், "புத்தளத்தாரே இப்படித்தான்" என்கிறார்கள். அன்று சோறும் இடமும் கொடுத்தவர்களும் புத்தளத்தார்தானே!

இந்தப் பேச்சால் கலியாணங்களும் குழம்பிப் போகின்றன. அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு என்பது நம் மார்க்கம். ஆகவே 'எல்லோரும்', 'எப்போதும்' என்று யாரும் சொன்னால், "எத்தனை பேரைக் கண்டீர்கள்?" என்று அமைதியாகக் கேளுங்கள். பிள்ளைகள் கேட்கும்படியே கேளுங்கள்.