வெல்டிங் வேலைக்கு முதல் சுயவிபரக்கோவை

தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, அங்கே ஒரு கிறில் பட்டறையில் தொழில் பழகி, இப்போது கொம்பனித்தெருவில் உறவினர் வீட்டில் தங்கி வேலை தேடுகிறீர்களா? அல்லது உங்கள் மகன் அப்படித் தேடுகிறாரா? கையில் தொழில் இருக்கிறது, அதைச் சொல்லும் கடதாசிதான் இல்லை. “எழுத என்ன இருக்கிறது?” என்று பேனையை வைத்துவிடாதீர்கள். எழுத நிறைய இருக்கிறது.

இதை யார் வாசிக்கப் போகிறார் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். சந்துக்குள் இருக்கும் சிறு பட்டறைக்குக் கோவை தேவையில்லை. காலையில் நேரே போய்க் கேட்டால் போதும். ஆனால் துறைமுகத்துக்குள் இருக்கும் கொழும்பு டொக்யார்ட், மாடிக் கட்டட ஒப்பந்தக்காரர்கள், கரையோர ரயிலில் போனால் வரும் இரத்மலானைத் தொழிற்சாலைகள் போன்ற இடங்களில் உங்களைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கடதாசியைத்தான் பார்ப்பார்கள். அலுவலகத்தைத் தாண்டினால் அது போர்மனின் கைக்குப் போகும். என்ன வெல்டிங் தெரியும், எந்த இரும்பில், எத்தனை காலம், எப்போது வேலைக்கு வரலாம் என்பதே அவருக்கு வேண்டும். ஒரு பக்கம் போதும்.

பெயரைத் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். இந்தியச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு வேறு மாதிரி இருந்தால் அந்தச் சான்றிதழின் பிரதியைத் தனியாக வைத்திருந்து, கேட்கும்போது காட்டி விளக்குங்கள். அட்டை இன்னும் வரவில்லையா? “விண்ணப்பித்துள்ளேன்” என்று எழுதுங்கள். அண்ணனின் இலக்கத்தையோ மச்சானின் இலக்கத்தையோ போட வேண்டாம். சேமலாப நிதி அந்த இலக்கத்தின் பெயரில்தான் பதியப்படும், பிறகு உங்கள் காசு உங்களுக்கு வராது. முகவரியில் “கொழும்பு 2” என்று தெளிவாகப் போடுங்கள். பழைய ஆவணங்களில் இந்த இடத்துக்கு வேறு ஆங்கிலப் பெயர் இருந்தாலும் தபால் வந்து சேரும்.

இனி வேலை அனுபவம். கோவையின் உயிர் இதுதான், இதற்கே அதிக நேரம் செலவழியுங்கள். பலர் “வெல்டிங் நன்றாகத் தெரியும்” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை வைத்துப் போர்மன் எதையும் அறிய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

“2017 – 2022, கும்மிடிப்பூண்டி, தமிழ்நாடு. கிறில், கேற் செய்யும் பட்டறை. முதல் ஒரு வருடம் உதவியாளர்: வெட்டுதல், கிறைண்டர் பிடித்தல், பெயின்ற் அடித்தல். பின்னர் ஆர்க் வெல்டிங்: பொக்ஸ் பார், 3 முதல் 6 மில்லிமீற்றர் தகடு. மிக், டிக் பழக்கமில்லை.”

கடைசி வசனத்தை எழுதப் பயப்பட வேண்டாம். தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் சோதனை நாளில் ஹோல்டரைக் கையில் தந்த முதல் ஐந்து நிமிடத்தில் அது வெளியே வந்துவிடும். ஆரம்ப நிலை வேலைக்கு ஆள் எடுப்பவர் எல்லாம் தெரிந்தவரை எதிர்பார்ப்பதில்லை. 10 நம்பர், 12 நம்பர் றொட் என்று பழகியிருந்தால் 3.2, 2.5 மில்லிமீற்றர் என்றும் சேர்த்து எழுதுங்கள். இங்கே இரண்டு விதமாகவும் கேட்பார்கள்.

முகாமில் இருந்ததை எழுத வேண்டுமா? ஊரின் பெயரும் ஆண்டும் போதும், அதில் பொய் எதுவும் இல்லை. நேர்முகத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் அந்த ஆண்டுகளை வெறுமையாக விடாதீர்கள். ஐந்து வருடம் காலியாக இருந்தால் வாசிப்பவர் தன் மனம்போல் எதையாவது நினைத்துக்கொள்வார். வெல்டிங் இல்லாமல் பெயின்ற் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போன காலம் இருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். உயரத்தில், சாரத்தில் நின்று பழகிய கைகால் வெல்டருக்கும் வேண்டியதுதானே.

படிப்பை அதன் உண்மைப் பெயரிலேயே போடுங்கள்: “பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, தமிழ்நாடு, 2015”. அதை நீங்களாகவே க.பொ.த. சாதாரண தரம் என்று மாற்றி எழுத வேண்டாம்.

சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. தேசிய தொழில் தகைமை முறையில், வகுப்புக்குப் போகாமல் வேலை செய்து கற்றவர்களையும் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். இதை முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இராஜகிரியவில் உள்ள தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலோ நாரஹேன்பிட்டியில் உள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். நீங்கள் செய்த கேற், படிக்கட்டு, கூரைச் சட்டம் ஆகியவற்றின் படங்கள் தொலைபேசியில் இருந்தால் அழிக்காதீர்கள். அங்கும் உதவும், வேலை கேட்கும் இடத்திலும் உதவும்.

கோவையின் கீழே உறவினரல்லாத இருவரின் பெயர் கேட்பது இங்கு வழக்கம். ஊருக்குப் புதிது, யாரைப் போடுவது? பழைய பட்டறை முதலாளியைக் கேட்டு அவருடைய வட்ஸ்அப் இலக்கத்தைப் போடலாம். இரண்டாமவராகக் கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கலாம். கேட்காமல் யாருடைய பெயரையும் போடாதீர்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். முடிவில் “மேற்கூறிய விபரங்கள் உண்மையானவை” என்று எழுதி, திகதியிட்டுக் கையொப்பம் இடுங்கள்.

பெரிய கொம்பனிக்கு ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து கொடுப்பது நல்லது. தட்டச்சுக்காரர் “கடும் உழைப்பாளி, தலைமைத்துவம் மிக்கவர்” என்று தானாகவே சேர்க்கும் வரிகளை வெட்டச் சொல்லுங்கள். சிங்களம் பேசத் தெரிந்தால், கொஞ்சமாக இருந்தாலும், எழுதுங்கள். கொழும்பில் வேலைத்தளத்துப் பேச்சு பெரும்பாலும் அதில்தான்.

வேலை கிடைத்தால் சேரும் நாளிலேயே சேமலாப நிதி பற்றிக் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதமும் முதலாளியுடையதே. அந்த அங்கத்துவ இலக்கத்தையும் சேர்ந்த திகதியையும் அன்றே உங்கள் கோவையின் பிரதியில் குறித்து வையுங்கள்.