ஏரி மதகும் மனத்தின் குறுக்குவழியும்

வாசகர்களே, ஒரு கேள்வி. அதிகம் யோசிக்காமல் விடை சொல்லுங்கள். 2015 டிசம்பரில் மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரை மூழ்கடித்தது எந்த ஏரியின் நீர்?

செம்பரம்பாக்கம் என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை. ஆனால் அடையாற்றின் போக்கைச் சற்றுப் பாருங்கள். ஆதனூர்ப் பக்கம் தோன்றும் இந்த ஆறு மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாக வந்து, அதன் பிறகுதான் திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரிநீரைப் பெறுகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வந்து கலக்கும் நீர், மேலே இருக்கும் ஊரில் வெள்ளம் வர முதற்காரணம் ஆக முடியுமா? முடிச்சூருக்குள் புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும், அன்று கொட்டிய மழையும்தான். டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ.!

அப்படியானால் செம்பரம்பாக்கம் ஏன் முதலில் நினைவுக்கு வந்தது? அந்தப் பெயர்தான் அடிக்கடி காதில் விழுந்தது, ஆகையால்தான். 'எது காரணம்?' என்ற கடினமான கேள்வியை மனம் ஓசைப்படாமல் ஒதுக்கிவிட்டு, 'எது எளிதில் நினைவுக்கு வருகிறது?' என்ற சுலபமான கேள்விக்கு விடை தந்துவிடுகிறது. டேனியல் கானமன், அமாஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலறிஞர்கள் 1970களில் இத்தகைய மனக் குறுக்குவழிகளை ஆராய்ந்தார்கள். ஆங்கிலத்தில் 'கே' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் அதிகமா, அவ்வெழுத்தை மூன்றாம் இடத்தில் கொண்ட சொற்கள் அதிகமா என்று அவர்கள் கேட்டார்கள். பெரும்பாலோர் முன்னதே என்றனர். உண்மையில் பின்னதே அதிகம். முதலெழுத்தைக் கொண்டு சொற்களைத் தேடுவது எளிது. எளிதில் கிடைத்ததை மனம் ஏராளம் என்று எடுத்துக்கொண்டது. (இத்துறையில் செய்த பணிக்காகக் கானமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996இலேயே காலமாகிவிட்டார்.)

குறுக்குவழி என்றதும் அதைக் குறையாகவே கருத வேண்டாம். அது இல்லாவிட்டால் தாம்பரம் சந்தையில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கக்கூட அரை நாள் ஆகும். ஒருவரின் முடிவு பல்லாயிரம் பேரைப் பாதிக்கும் இடத்தில்தான் சிக்கல் எழுகிறது. தொழிற்சாலை நிர்வாகிக்கும் இது பொருந்தும். ஏரியை நிர்வகிக்கும் பொறியாளருக்கும் பொருந்தும்.

அந்தப் பொறியாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் இது ஒன்று. நவம்பர் முடியும் நேரம். நீர்மட்டம் சுமார் 22 அடி. நீரை வெளியேற்றிவிட்டு மழை பொய்த்தால் கோடையில் நகரம் தவிக்கும். 2003, 2004ஆம் ஆண்டுகளில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை யார் மறப்பார்? நீரைத் தேக்கிவைத்துப் பெருமழை வந்தாலோ ஆற்றங்கரை தாங்காது. ஒரு பக்கம் பழைய வறட்சியின் நினைவு. மறுபக்கம் இரு வாரங்களுக்கு முன் அதே ஆற்றில் வந்த வெள்ளத்தின் நினைவு. எது கண்முன் பெரிதாக நிற்கிறதோ, தராசு அந்தப் பக்கம் சாயும். ஆனால் நாளை பெய்யப்போகும் மழைக்கு இவ்விரண்டில் எந்த நினைவும் சாட்சி ஆகாது!

நடந்ததை நாம் அறிவோம். டிசம்பர் 1 மாலை திறப்பு விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கு 104 மில்லியன் கன அடிக்கு மேல். இந்த அளவு 21 மணி நேரம் நீடித்தது என்று தணிக்கைத் துறை குறிப்பிட்டது. அப்படியானால் ஏரியின் கொள்ளளவில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு. அந்தப் பருவமழையில் தமிழகத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பிறகு குற்றச்சாட்டுகள் எழுந்தன. முன்னதாகவே திறந்திருக்க வேண்டும் என்றனர் சிலர். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையோ, ஏரிக்கு வந்ததைவிட அதிகமான நீரைத் திறந்தது தவறு என்றது. இது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றும் கூறியது. ஒருவருக்குத் திறந்தது தாமதம், மற்றவருக்குத் திறந்தது மிகை. இருவருக்குமே 'இது முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதே' என்று தோன்றுவதைக் கவனியுங்கள்.

இந்தத் தோற்றத்தைத்தான் பாரூக் ஃபிஷாஃப் 1975இல் சோதித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது நம் பக்கத்துச் சரித்திரம்: 1814இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்கர்களுக்கும் நடந்த போர். போரின் பின்னணியை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றக் குழுக்களுக்கு ஆங்கிலேயர் வென்றனர், கூர்க்கர் வென்றனர், உடன்படிக்கையோடு இழுபறியில் முடிந்தது, உடன்படிக்கை இன்றி இழுபறியாயிற்று என ஆளுக்கொரு முடிவைச் சொன்னார். பின்னர் ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கேட்டார். எந்த முடிவைக் கேட்டிருந்தார்களோ, அதற்கே வாய்ப்பு அதிகம் இருந்ததாக மதிப்பிட்டனர். 'முடிவு தெரியாதவர் போல் எண்ணிச் சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொண்டபோதும் அவர்களால் இயலவில்லை. தெரிந்ததைத் தெரியாததாக்க மனத்துக்கு வழி இல்லை. இதைப் பின்னறிவுச் சாய்வு எனலாம்.

இதைச் சொல்வது எவருடைய தவற்றையும் மூடி மறைப்பதற்காக அன்று. தவற்றைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அன்றைய தினம் அவர் கையில் இருந்தது என்ன என்பது தெரிய வேண்டும். மழை எச்சரிக்கை, ஏரிக்கு வந்த நீர், யார் யாருக்குச் செய்தி போயிற்று, ஏன் இந்த அளவு திறக்கப்பட்டது ஆகிய அனைத்தும் நேரத்தோடு குறித்துவைக்கப்பட வேண்டும். மதகு எத்தனை அங்குலம் உயர்த்தப்பட்டது என்ற எண் மட்டும் போதாது. அதன் அருகே காரணத்துக்கும் ஒரு பத்தி வேண்டும் என்பது என் கருத்து.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். தேர்வு எழுதி வந்த அன்றே உங்களுக்கு எத்தனை மதிப்பெண் வரும் என்று ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். முடிவு வந்த பிறகு, தாளைப் பிரிக்குமுன், 'நான் எவ்வளவு எதிர்பார்த்தேன்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா?

2019 ஜூலையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 25 அன்று, நிவர் புயல் நெருங்கியபோது, 22 அடியைத் தொட்ட செம்பரம்பாக்கத்தின் மதகுகள் முன்கூட்டியே அறிவித்துத் திறக்கப்பட்டன: முதலில் 1,000 கன அடி, பின்னர் 9,000 கன அடி. 2015ஐப் போன்ற பேரழிவு நேரவில்லை. ஆகவே இந்த முடிவைப் பற்றி இன்று பேசுவார் இல்லை. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் அந்த மழையிலும் வெள்ளம் சூழ்ந்தது.